இல்லாதவர் கொடுக்கும் கூடுதல் விலை



சில ஆண்டுகளுக்கு முன், கரையோரப் பங்கொன்றில் பணியாற்றிய காலத்தில், ஞாயிறு பூசையொன்றில் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும், கடன் வாங்கும் பழக்கத்தை விட வேண்டும், சில்லறையாக வாங்காமல் மாதச் சாமான்களை ஒன்றாக வாங்கினால் காசு மிஞ்சும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். பிரசங்கம் நன்றாய் அமைந்ததென்றே எண்ணியிருந்தேன். பூசை முடிந்ததும், தலையிற் கூடை சுமந்து வீடு வீடாய் மீன் விற்கும் ஒரு தாய் கோவில் வாசலில் என்னைக் காத்து நின்றார்.

"சுவாமி, கோவிக்காதேங்கோ. சீனி ஒரு கிலோவாய் வாங்கினால் மலிவெண்டு எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கிலோ வாங்கிற காசு ஒருநாளும் ஒண்டாய் என்ரை கையிலை நிண்டதில்லை" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று மாலை அவரை அழைத்து, அவருடைய ஒரு நாள் வரவு செலவைக் கேட்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். குருமடத்தில் படித்த சமூகநீதிப் பாடங்கள் சொல்லித் தராத ஓர் உண்மை அந்தக் கடதாசியில் இருந்தது. ஒரே பொருளுக்கு வசதியுள்ளவர் ஒரு விலையும் இல்லாதவர் அதைவிடக் கூடிய விலையும் கொடுக்கிறார். வறுமை என்பது வருமானம் குறைவாயிருப்பது மாத்திரமன்று. அந்தக் குறைந்த வருமானத்தினின்றும் நாளுக்கு நாள் ஒரு மேலதிக வரியை இறுப்பதுமாகும். இந்த வரியை யார் அறவிடுகிறார்கள், எப்படி அறவிடப்படுகிறது என்பதை இவ்வாரம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சிறு பொதியின் விலை

முதலில் சீனியையே எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக ஒரு கிலோ 240 ரூபா என்று வைப்போம். அதே சீனியை 100 கிராமாகக் கட்டிய பொதி 30 ரூபா. பத்துப் பொதி வாங்கினால் 300 ரூபா. ஆகவே சிறுகச் சிறுக வாங்கும் வீடு ஒவ்வொரு கிலோவுக்கும் 60 ரூபா, அதாவது கால் பங்கு, கூடுதலாகக் கொடுக்கிறது. சீனிக்கு மட்டுமன்றித் தேயிலை, பருப்பு, மா, தேங்காயெண்ணெய், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் இப்படியே என்றால் மாத முடிவில் அந்த வீடு இழப்பது எவ்வளவு என்பதை வாசகர்கள் தாமே கணக்கிடலாம்.

இதற்காகச் சந்திக் கடைக்காரரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் மூடையைப் பிரித்து, நிறுத்து, பொதி கட்டுகிறார். சிந்துவதும் எறும்பு தின்பதும் அவருக்கே நட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கடன் தருகிறார். கடையில் ஒரு கொப்பி இருக்கும்; அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். கொப்பியில் எழுதியவர்களுள் சிலர் திருப்பித் தராமற் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இழப்பையும் அவர் மற்றவர்கள் வாங்கும் பொருளின் விலையிலேயே சேர்த்து வைக்கிறார்.

இங்கே இரண்டாவது முடிச்சு விழுகிறது. கொப்பியில் கடன் உள்ளவர் அடுத்த கடைக்குப் போக முடியாது. அங்கே விலை குறைவென்று தெரிந்தாலும், கைக்காசை அங்கே கொடுத்துவிட்டு இங்கே கடன் கேட்டு வந்து நிற்க முகம் இராது. பட்டணத்துக்குப் போய் மலிவாக வாங்கலாமென்றால் பஸ் காசு மிஞ்சும் காசை விழுங்கிவிடும். மோட்டார் சைக்கிளோ காரோ வைத்திருப்பவர் மூன்று கடையில் விலை கேட்டு வாங்குகிறார். கால்நடையாய்ப் போகிறவருக்கு ஒரு கடைதான். அங்கே சொல்வதுதான் விலை.

குடிநீரும் அப்படித்தான். கிணறு உவர்ப்பாய்ப் போன ஊர்களில், பெரிய தாங்கி உள்ள வீடு ஒரு பவுசர் தண்ணீரை ஒன்றாக இறக்கிக்கொள்கிறது. தாங்கி இல்லாத வீடு கான் கணக்கில் வாங்குகிறது. லீற்றர் கணக்கில் பார்த்தால் தாங்கி இல்லாதவரே கூடுதலாகக் கொடுக்கிறார். தாங்கி வாங்குவதற்கு வேண்டிய காசு அவரிடம் ஒன்றாய் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. விலை ஏறப் போகிறதென்று கேள்விப்பட்டதும் அரிசி மூடையும் எரிவாயு சிலிண்டரும் வாங்கி வைத்தவர்கள் நம்மில் இருந்தார்கள். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்பவர் ஏறிய ஒவ்வொரு விலையையும் ஏறிய அன்றே கொடுத்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபா ஆயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரத்தோடு கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதைக் கரையோரப் பங்குகளில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலிவான பொருளின் விலை

நமது ஊர்களில் வெகுகாலம் பார்த்த காட்சி ஒன்று: கிடுகு வேய்ந்த வீடும் ஓடு போட்ட வீடும். கிடுகு மலிவு. ஆனால் ஓரிரு ஆண்டுக்கொரு தடவை மாற்றி வேய வேண்டும். தவறினால் மாரி மழை உள்ளே இறங்கும். பிள்ளைகளின் கொப்பிகளும் பாயும் நனையும். ஓடு ஒரு தலைமுறைக்கு நிற்கும். இருபது ஆண்டுக் கணக்கைப் போட்டால் கிடுகுக்குச் செலவிட்ட காசும் கூலியும் ஓட்டின் விலையை எட்டிவிடும். அப்பொழுதும் அந்த வீட்டின் மேல் ஓடு இராது. ஓடு போட்டவர் கெட்டிக்காரர், கிடுகு வேய்ந்தவர் மூடர் என்று சொல்லலாமா? ஓட்டுக்கு வேண்டிய தொகை ஒருவரிடம் ஒன்றாய் இருந்தது, மற்றவரிடம் இருக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பிள்ளையின் செருப்பையும் புத்தகப் பையையும் பாருங்கள். தரமான பை மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். தையல் பிரியும் மலிவுப் பை ஒரு தவணையோடு முடிந்துவிடும். மூன்றாவது பை வாங்கும்போது முதலாவது நல்ல பையின் விலை கடந்துவிட்டிருக்கும்.

மலிவான பொருள் சில வேளை உயிரையே விலையாகக் கேட்கும். மின்சாரம் எட்டாத வீடுகளில் வெறும் போத்தலிலோ தகரக் குவளையிலோ திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரிப்பது நம் நாட்டு வழக்கம். செலவு ஏதுமில்லாத விளக்கு. ஆனால் கைபட்டாற் சரியும், சரிந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பிடிக்கும். இவ்வாறு எரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கண்டு மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, சரியாத ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடிப் போத்தல். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. சிந்தாதபடி திருகு மூடி. சிறிய மார்மைற் போத்தலைப் பார்த்தே அந்த யோசனை பிறந்ததாம். இம்முயற்சிக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் கண்ட உண்மை இதுதான்: சில ரூபா பெறுமதியான ஒரு நல்ல பொருள் வீட்டில் இல்லாததால் ஒரு குடும்பம் தன் பிள்ளையையே இழக்கிறது.

இன்று பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அங்கும் இந்த வரி பின்தொடர்கிறது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் பெரிதாய் உயர்ந்தபோது பல வீடுகளில் பில் கட்ட முடியவில்லை. கட்டத் தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். மீண்டும் பெறுவதற்கு நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். பில் கட்டக் காசில்லை என்பதற்கே தண்டம் காசாக அறவிடப்படுகிறது.

இலவசத்துக்கும் விலை உண்டு

நம் நாடு இலவசக் கல்வியை 1945இல் பெற்றது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. இவை பெருங்கொடைகள், இவற்றின் பயனாகவே நம்மில் பலர் இன்று நிமிர்ந்து நிற்கிறோம். எனினும் இலவசம் எல்லோருக்கும் ஒரே அளவு இலவசமன்று. மாதச் சம்பளம் பெறுபவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரர் வரிசையில் நின்ற நாளின் கூலி போய்விடும். பஸ் காசும் போகும். அன்று அடுப்பில் வைக்க ஏதும் இராது. ஆகவே அவர் நாளை பார்க்கலாம், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போடுகிறார். சீனி வியாதிக்காரரின் காலில் வந்த சிறு புண் அப்படித்தான் விரலை இழக்கும் நிலைக்குப் போகிறது. ஒரு நாட்கூலியை மிச்சம் பிடிக்கப் போய், கூலி உழைக்கும் காலையே இழந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து "ஏன் நேரத்தோடு வரவில்லை?" என்று அதட்டுகிறோம். வந்திருந்தால் அன்று பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்பதில்லை.

கடனின் விலை

இனி அந்த மீன்காரத் தாயின் கணக்குக்கு வருவோம். விடியற்காலையில் கரையில் மீன் எடுக்க அவருக்கு 5,000 ரூபா முதல் வேண்டும். அது அவரிடம் இல்லை. கரையிலேயே ஒருவர் கொடுப்பார்; அதே மாலை 5,200 ரூபாவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் இதனை மீற்றர் வட்டி என்கிறார்கள். வாடகை வண்டியின் மீற்றர் போல வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாளைக்கு 200 ரூபாதானே என்று தோன்றும். மாதத்தில் 25 நாள் தொழில் என்றால் வட்டி மட்டும் 5,000 ரூபா. அதாவது, அவர் மாதத்துக்கொரு தடவை தமது முதல் முழுவதையும் விலை கொடுத்து வாங்குகிறார்; ஆனால் அது ஒருபோதும் அவருடையதாவதில்லை. ஆண்டு முழுவதும் இப்படியே போனால் 60,000 ரூபா. மாதச் சம்பளமும் பிணையும் உள்ள ஒருவர் இதே 5,000 ரூபாவை வங்கியில் நூற்றுக்கு 15 வீதத்துக்கு எடுத்திருந்தால் ஆண்டு முழுவதற்கும் 750 ரூபா வட்டி கட்டியிருப்பார். 750 எங்கே, 60,000 எங்கே?

இதைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை. "தெரியும் சுவாமி" என்றார். வங்கி ஒன்பது மணிக்குத் திறக்கிறது. மீன் நாலரை மணிக்குக் கரைக்கு வருகிறது. வங்கி பிணைக்கு இரண்டு பேரைக் கேட்கிறது. வட்டிக்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். வறியோர் கூடிய வட்டிக்குக் கடன் வாங்குவது கணக்குத் தெரியாததாலன்று. அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல் அது ஒன்றே என்பதால்தான்.

சில வேளை வட்டி வட்டியென்ற பெயரில் வருவதில்லை. வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கிய கடற்றொழிலாளி, பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் நாளாந்தம் போய்க்கொண்டிருக்கும். முற்பணம் மட்டும் அப்படியே நிற்கும். மலையகத்தில் நம் மக்கள் பட்டதும் இதுவே. தோட்டத்துக்கு அழைத்து வரப்பட்ட பயணச் செலவு முதற்கொண்டு எல்லாம் கடனாக ஏற்றப்பட்டு, அக்கடன் தொகை 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி இடம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

யுத்தம் 2009இல் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் பெருகின. வீட்டு வாசலுக்கே வந்து, நகை ஈடு கேளாமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து கடன் கொடுத்தன. இவற்றின் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. குடும்பத் தலைவிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வீதம் என்பார்கள். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்ட வேண்டும். இது சரியான கணக்குப் போலத் தோன்றும். ஆனால் முதலாம் கிழமையிலிருந்தே நீங்கள் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். அரையாண்டு முடியும்போது கடனின் பாதி உங்கள் கையில் இல்லை. ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது ஏறக்குறைய 25,000 ரூபாதான். வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. எனவே 24 வீதம் என்று சொல்லப்பட்டது உண்மையில் அதன் இரட்டிப்பை நெருங்குகிறது.

ஒரு கிழமை ஒருத்தி தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். இதனால் அயலவர்களே அயலவரிடம் கடன் அறவிடுபவர்களாக மாறினார்கள். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியிற் கடன். அதற்குக் கட்ட மீற்றர் வட்டி. இந்த நெருக்கடி முற்றி, 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபா வரையிலான, தவணை தவறிய நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. தன் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேற் போகக் கூடாதென மத்திய வங்கியும் கட்டுப்பாடு விதித்தது. 35 வீதம் என்பதே ஒரு நிவாரணமாக வந்ததென்றால், அதற்கு முன்னர் கட்டியது எவ்வளவாயிருக்கும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் வறிய குடும்பங்கள் தளபாடமும் தொலைக்காட்சியும் தவணைக்கு வாங்கும் முறையை ஆராய்ந்த டேவிட் கப்லோவிட்ஸ் என்ற சமூகவியலாளர், வறியோரே கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்ற முடிவைத் தமது நூலின் பெயராகவே வைத்து 1963இல் வெளியிட்டார். செல்வம் மிகுந்த நாட்டிலும் கணக்கு இதேதான்.

பழைய சட்டம், பழைய சங்கம்

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். முன்னர் உபாகமம் என்று அழைத்தோமே, அதுதான். திரிகைக் கல்லை ஈடாக வாங்கக் கூடாதென்கிறது. ஏன்? அன்றாட மாவை அரைக்கும் கருவியைப் பறித்தால் கடனை அடைக்கும் வழியையும் பறித்ததாகும். ஈடு வாங்க வந்தவர் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டுமென்கிறது. கடன் அறவிட வந்து இரவு வரை விறாந்தையில் குந்தியிருப்பவர்களை அறிந்த நம் தாய்மாருக்கு இதன் பொருள் விளங்கும். வறியவரின் போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்கிறது. கூலியை அன்றன்றே, சூரியன் மறையுமுன் கொடுக்க வேண்டுமென்கிறது. ஏனெனில் அந்தக் கூலியை நம்பியே அவர் இருக்கிறார். இறைவாக்கினர் ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில், அளவைக் குறைத்து விலையைக் கூட்டி, கோதுமையின் பதரையும் விற்ற வியாபாரிகளைக் கண்டிக்கிறார். இவையெல்லாம் தர்மம் செய்யும்படி சொல்லும் புத்திமதிகள் அல்ல. இல்லாதவரிடமிருந்து அந்த மேலதிக வரியை அறவிடாதே என்று கட்டளையிடும் சட்டங்கள்.

பிற்காலத்தில் திருச்சபையில் இதனைச் செயலிற் காட்டியவர்களும் இருந்தார்கள். 1462இல் இத்தாலி நாட்டின் பெரூஜியா நகரில், பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால், வறியோர் கடும் வட்டிக்காரரிடம் போகாதபடி குறைந்த செலவில் அடைவு பிடித்துக் கடன் கொடுக்கும் நிலையமொன்று தொடங்கியது. அது நகரத்துக்கு நகரம் பரவியது. வட்டியே ஆகாதென்று சிலர் தர்க்கித்தபோது, நிலையத்தை நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கலாமென 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் தீர்மானித்தது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், தொழிலாளர் நிலை பற்றி 1891இல் எழுதிய சுற்றுமடலில், பேராசை கொண்ட வட்டி வேறு வேறு உருவத்தில் இன்னும் நிலவுவதை எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911இல் வந்தது. சிக்கன கடனுதவிச் சங்கங்களும் சங்கக் கடைகளும் அந்த வேரிலிருந்தே முளைத்தன. பத்துப் பேரின் சில்லறை ஒன்றாய்ச் சேர்ந்தால் அதுவே பெருந்தொகையாகும் என்பதே அவற்றின் இரகசியம். தனியொரு வறியவரிடம் ஒன்றாய் நிற்காத காசு, சங்கத்திடம் நிற்கும்.

அந்தத் தாய்க்கு நடந்தது

கணக்கைப் பார்த்தபின் எங்கள் வின்சன் டி போல் சபையினரோடு பேசினேன். சபைப் பெட்டியிலிருந்து 5,000 ரூபா வட்டியின்றிக் கொடுத்தோம். ஒரே நிபந்தனை: வட்டிக்காரருக்குக் கொடுத்துவந்த அதே 200 ரூபாவை நாள்தோறும் சபைக்குக் கட்ட வேண்டும். அவருக்கு ஒரு சதமும் கூடுதற் செலவில்லை. 25 நாளில் முதல் அவருடையதாகிவிடும்.

அது 25 நாளில் முடியவில்லை. ஒன்பதாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். பிறகு ஒரு கிழமை கடற்கொந்தளிப்பு, கரையில் மீனில்லை. இரண்டு மாதம் கழிந்தபின்பே கடைசி 200 ரூபாவைக் கொண்டுவந்தார். மறுமாதம் மிஞ்சிய காசில் ஒரு கிலோ சீனி வாங்கினீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

"இல்லை சுவாமி. முதலிலை கடைக் கொப்பியை முடிச்சுப்போட்டன். இனி மற்றக் கடையிலையும் போய் விலை கேக்கலாம்" என்றார்.

இன்னொரு கடையிற் போய் விலை கேட்கும் சுதந்திரம்! நம்மில் எத்தனை பேர் அதை ஒரு சுதந்திரமென்று எண்ணியிருக்கிறோம்?

பின்னர் மேலும் மூவருக்கு அவ்வாறே கொடுத்தோம். இருவர் தீர்த்தார்கள். ஒருவரால் முடியவில்லை, கணவன் படுக்கையில் விழுந்துவிட்டார். அந்தக் காசைச் சபை மன்னித்துவிட்டது. எல்லாம் வெற்றியாய் முடியுமென்று நான் சொல்ல வரவில்லை.

"குடித்து அழிப்பவர்கள் இல்லையா?" என்று சில வாசகர் கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் வசதியுள்ள வீட்டிலும் குடியும் வீண்செலவும் உண்டு. அங்கே ஒரு தவறு ஒரு தவறாகவே கழிந்துவிடுகிறது. இல்லாத வீட்டில் அதே தவறு வட்டியோடு வளர்கிறது. அதுமட்டுமன்றி, மேலே சொன்ன மீன்காரத் தாய் ஒரு சதத்தையும் வீணாக்கியவரல்லர்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை அரசாங்கமும் அறிஞரும் வகுக்கட்டும். நமது வீட்டிலும் பங்கிலும் இன்றே தொடங்கக்கூடிய சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, கூலியை அன்றே கொடுப்போம். "மாற்றின காசில்லை, நாளைக்கு வா" என்பது நமக்கு ஒரு சொல். அவருக்கு அன்றிரவு ஒரு கடன்.

இரண்டாவது, பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறவாமற் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வரும் கூடைக்காரியிடம் இருபது ரூபாவுக்குப் பேரம் பேசும் வழக்கத்தை விடுவோம்.

மூன்றாவது, ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு மூடை அரிசியும் சீனியும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வோம். வசதியுள்ள ஒரு வீடு முற்பணம் போட்டு, மற்றவர்கள் கிழமைக்குக் கிழமை கட்டினாற் போதும்.

நான்காவது, கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் பிள்ளைகளில் படித்தவரை அழைத்து, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், தவறினால் என்ன தண்டம் என்பதை எழுதிப் பார்க்கச் செய்வோம்.

ஐந்தாவது நமக்கே உரியது. சொல்லத் தயக்கமாயினும் சொல்ல வேண்டும். முதல்நன்மை உடுப்பும் விருந்தும், பெருநாட் காசு, செத்தவீட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் சாப்பாடு இவற்றில் நாம் ஏற்படுத்திய அளவுகோல்கள் வறிய வீட்டை எந்த வாசலுக்கு அனுப்புகின்றன? பிள்ளை நற்கருணை வாங்கிய நாளின் புகைப்படம் சுவரில் இருக்க, அந்த உடுப்பின் கடன் கொப்பியில் இருக்குமானால், அந்தக் கடனில் எங்களுக்கும் பங்குண்டு. குருக்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிக்கனத்தைப் பற்றி நான் பின்னரும் பிரசங்கம் செய்ததுண்டு. ஆனால் முதலில், கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் யாரிடம் சேமிப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நமது வீட்டில் ஒன்றாக வாங்கும் பொருள் எவை, சில்லறையாக வாங்கும் பொருள் எவை? ஒரு பொருளுக்கு இருவகை விலையையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

2. நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் கூலி எப்போதாவது தாமதித்ததுண்டா? அன்று அவர் என்ன செய்திருப்பார்?

3. இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் குறிப்பிடும் திரிகைக் கல், இன்று நமது ஊரில் எந்தப் பொருளாக இருக்கும்? தையல் இயந்திரமா, வள்ளத்தின் இயந்திரமா, ஓட்டோவா?

4. நமது பங்கில் 5,000 ரூபா முதல் இல்லாமல் நாள்தோறும் வட்டி கட்டுபவர் யார்? அவரை நாம் அறிவோமா?